காப்பார் நிலமும் நகரமைப்பு அதிகாரியும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நிலத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், எந்த மேட்டில் மரம் நன்றாகப் பால் கொடுக்கும், எந்தப் பாதை மழைக்காலத்தில் சேறாகும் என்பதெல்லாம் நம் கால்களுக்கே தெரியும். ஆனால் அதே நிலத்துக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. அது காகிதத்தில் நடைபெறும் வாழ்க்கை. ஒரு தோட்டம் தோட்டமாகவே இருக்குமா, வீடமைப்புப் பகுதியாக மாறுமா, தொழிற்பேட்டையாகுமா என்பது முதலில் ஒரு வரைபடத்தில்தான் முடிவாகிறது. மரங்கள் சாய்வது அதற்குப் பின்னர்தான்.

அந்த வரைபடத்தைத் தயாரித்து, அதற்கேற்ப வரும் விண்ணப்பங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதுகிறவர் ஊராட்சி மன்றத்தின் நகரமைப்பு அதிகாரி. அனுபவம் முதிர்ந்து, பிற அதிகாரிகளுக்கு வழிகாட்டும் நிலையில் உள்ளவரை முதுநிலை நகரமைப்பு அதிகாரி என்கிறோம். இந்தப் பணி எவ்வாறு தோன்றியது, காப்பார் வட்டாரத்து நிலத்தின் வரலாற்றில் அதற்கு என்ன இடம், தோட்டக் குடும்பங்களாகிய நமக்கு அதனால் என்ன என்பதை இன்றைய பேச்சில் காண்போம்.

நிலத்தை அளந்து, இன்னது இன்னதற்கு என்று பிரித்து எழுதி வைப்பது தமிழர்களுக்குப் புதிய செய்தி அன்று. முதலாம் இராஜராஜ சோழன் காலத்தில், ஏறக்குறைய 1001ஆம் ஆண்டில், சோழ நாடு முழுவதும் நில அளவை நடைபெற்றது. தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளில் அதன் பயனை இன்றும் காணலாம். ஓர் ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதிலிருந்து குடியிருக்கும் நத்தம், கோயில், குளம், ஊரின் ஊடே செல்லும் வாய்க்கால், உழைப்போர் வாழும் சேரி, சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சிய நிலத்துக்கே வரி விதித்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சேரியும் சுடுகாடும்கூடத் தனித்தனியே பெயர் சொல்லிக் கணக்கில் எழுதப்பட்டன. ஊரில் மேல் கீழ் என்ற வேற்றுமை இருந்தது உண்மைதான். ஆயினும் இருப்பதை இருக்கிறது என்று எழுதி வைத்தார்கள்.

இனி காப்பாருக்கு வருவோம். கிள்ளானுக்கு வடக்கே, கோல சிலாங்கூர் செல்லும் சாலையில், கடலை ஒட்டிய தாழ்ந்த களிமண் பூமி இது. வாய்க்கால் வெட்டி, கரை கட்டி, நீரை வடித்த பிறகே இங்கே பயிர் செய்ய முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கிள்ளான் வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. காப்பியின் விலை சரிந்ததும் ரப்பர் அதன் இடத்தைப் பிடித்தது. வல்லம்புரோசா, ஹைலண்ட்ஸ், புக்கிட் ராஜா முதலிய பெயர்கள் லண்டன் பங்குச் சந்தை வரை சென்றன. 1910ஆம் ஆண்டில் ரப்பரின் விலை இராத்தலுக்கு 12 ஷில்லிங்குக்கும் மேலே ஏறியது. அந்த ஆண்டுகளில் தமிழகத்திலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த குடும்பங்களே இந்த மண்ணில் வாய்க்கால் வெட்டின, கன்று நட்டன, பால் எடுத்தன.

அப்போது இந்த நிலத்தைத் திட்டமிட்டவர் யார்? கம்பெனியும் அதன் துரையும்தாம். மேட்டில் துரை பங்களா, அதற்குக் கீழே கிராணி வீடு, ஆபீஸ், ரப்பர் தொழிற்சாலை, அதற்கும் அப்பால் வரிசை வரிசையாக லயங்கள், ஓரத்தில் கோயில், ஒதுக்கமாக மயானம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் ஏற்படுத்த வேண்டும். அதனால் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியும் எழுந்தது. ஆக, தோட்டம் என்பது முறையாகத் திட்டமிட்ட ஓர் ஊர்தான். ஆனால் அது ஒரே உரிமையாளரின் ஊர்.

சிலாங்கூரில் 1891ஆம் ஆண்டு முதல் நில உரிமையைப் பதிவேட்டில் எழுதிப் பட்டா வழங்கும் முறை வந்தது. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். தோட்டத்தின் பட்டாவில் கம்பெனியின் பெயர் இருந்தது, பரப்பளவு இருந்தது, பயிர் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. லயமோ பள்ளியோ கோயிலோ மயானமோ தனி நிலமாகப் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. சோழர் காலத்துக் கணக்கில் தனியே எழுதப்பட்டவை, கம்பெனியின் பட்டாவில் ஒரே நிலத்துக்குள் மறைந்துபோயின. தோட்டம் நடக்கும் வரையில் இதனால் யாருக்கும் தொல்லை இல்லை. தொல்லை பிறகு வந்தது.

நகரத்தின் பக்கம் வேறு ஒரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் தொழிற்சாலை நகரங்களின் நெரிசலையும் நோயையும் கண்ட எபனேசர் ஹாவர்டு என்பவர், 1898இல் தோட்ட நகரம் என்ற கருத்தை வெளியிட்டார். வீடும் வேலையும் பசுமையும் அருகருகே அமையும்படி நகரத்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் உலகெங்கும் பரவியது. 1914இல் இந்தியாவுக்கு வந்த பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர், தஞ்சாவூர், மதுரை உட்படச் சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளி அகலச் சாலை போடுவதே நகரமைப்பு என்று எண்ணியிருந்த காலம் அது. கெடிஸ் அதை ஏற்கவில்லை. வைத்தியர் முதலில் நோயை அறிந்து பிறகு மருந்து கொடுப்பதுபோல, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நடந்து பார்த்து அறிந்த பிறகே திட்டம் வரைய வேண்டும் என்றார்.

நம் நாட்டில் இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர் சார்லஸ் ரீட். நியூசிலாந்தில் பிறந்து, தென் ஆஸ்திரேலியாவில் பணியாற்றியவர். 1921இல் மலாய் ஐக்கிய மாநிலங்களின் அரசாங்க நகரமைப்பு அதிகாரியாகக் கோலாலம்பூருக்கு வந்தார். அன்று அவர் தொடங்கிய துறையே இன்று பிளான் மலேசியா என்ற பெயரில் இயங்குகிறது. 1923இல் நகரமைப்புச் சட்டம் ஒன்றும் வந்தது. ஆனால் அந்தக் காலத்து நகரமைப்பு பெரும்பாலும் பட்டணத்தின் எல்லையோடு நின்றுவிட்டது. கிள்ளான் பட்டணத்தைச் சுகாதார வாரியம் கவனித்தது. சாலை ஓரத்துக் கடைவீட்டுக்கு விதி இருந்தது. சில கல் தொலைவில் இருந்த தோட்டத்து லயம் நகரமைப்பு அதிகாரியின் வரைபடத்துக்கு வெளியே இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தோட்டங்கள் கைமாறத் தொடங்கின. 1950களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். வேலையும் போய், வீடும் போய், ஒரே நாளில் இரண்டையும் இழந்த குடும்பங்கள் அனேகம். இதைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அஸீஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களை வாங்கும் முயற்சி அது. கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் அதன் முதல் தோட்டம். பின்னர் தேசிய நிலச் சட்டத்திலும் ஒரு பாதுகாப்புச் சேர்க்கப்பட்டது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்து விற்பதானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பதே அது.

துண்டாடலை அடுத்து வந்தது நகரமயம். 1952இல் எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்து நிலத்தில் பெட்டாலிங் ஜெயா உருவாகத் தொடங்கியது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலாம் ஆயிற்று. 1978இல் அது சிலாங்கூரின் தலைநகரமும் ஆயிற்று. 1970களின் நடுவில் சீஃபீல்டு தோட்டத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. கிள்ளானுக்கு அருகே புக்கிட் ராஜா தோட்டத்தில் இன்று பண்டார் புக்கிட் ராஜா என்ற நகரம் நிற்கிறது.

ஏன் எப்போதும் தோட்டத்தின் மீதே கண் விழுகிறது என்று நீங்கள் கேட்கலாம். காரணம் எளியது. ஒரு கம்பத்தில் நூறு ஏக்கர் வாங்க வேண்டுமானால் நூறு பேருடன் பேச வேண்டும். ஆயிரம் ஏக்கர் தோட்டத்துக்கு ஒரே பட்டா, ஒரே உரிமையாளர், ஒரே கையெழுத்து. நிலம் சமமாக இருக்கிறது, உள்ளே சாலையும் வாய்க்காலும் உண்டு. காப்பாருக்கோ இவற்றோடு வேறு வசதிகளும் இருந்தன. தெற்கே கிள்ளான் துறைமுகம், கிழக்கே ஷா ஆலாம், மேற்கே கடல். 1980களில் காப்பார் கடற்கரையில் சுல்தான் சலாஹுடின் அப்துல் அஸீஸ் மின்நிலையம் எழுந்தது. அதன் புகைக்கூண்டுகளைக் காணாமல் இந்த வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைகள் இல்லை. அதைச் சுற்றியும் மேரு பக்கமும் தொழிற்சாலைகளும் வீடமைப்புத் திட்டங்களும் பெருகின.

இந்தக் காலக்கட்டத்தில்தான் இரண்டு பெரிய சட்டங்கள் வந்தன. இரண்டும் 1976ஆம் ஆண்டுச் சட்டங்கள். ஒன்று ஊராட்சி மன்றச் சட்டம். மற்றொன்று நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். 1971இல் காப்பார், மேரு ஊர்கள் கிள்ளான் மாவட்ட மன்றத்தோடு சேர்க்கப்பட்டிருந்தன. 1977 ஜனவரி முதல் நாள் அந்த மன்றம் கிள்ளான் நகராண்மைக் கழகம் ஆயிற்று. 2024 பிப்ரவரி 5ஆம் நாள் அது கிள்ளான் அரச மாநகர் மன்றமாக உயர்வு பெற்றது.

திட்டமிடல் சட்டம் இரண்டு வகைத் திட்டங்களைக் கொண்டுவந்தது. முதலாவது, மாநிலம் முழுவதற்குமான அமைப்புத் திட்டம். சிலாங்கூருக்கு 2035ஆம் ஆண்டை நோக்கிய அமைப்புத் திட்டம் உண்டு. இரண்டாவது, மலாயில் ரஞ்சாங்கான் தெம்பாத்தான் எனப்படும் வட்டாரத் திட்டம். இதில்தான் எந்தத் துண்டு நிலம் எதற்கு என்று நிறம் தீட்டிக் காட்டுவார்கள். பயிருக்கு ஒரு நிறம், வீட்டுக்கு ஒரு நிறம், தொழிற்சாலைக்கு ஒரு நிறம், திடலுக்கும் பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் மயானத்துக்கும் தனித்தனி நிறம் அல்லது குறியீடு. மன்றத்தின் திட்ட அனுமதி இல்லாமல் யாரும் நில மேம்பாட்டைத் தொடங்கக் கூடாது என்பதும் இச்சட்டத்தின் விதி.

இப்போது முதுநிலை நகரமைப்பு அதிகாரியின் மேசையைப் பார்ப்போம். ஒரு கம்பெனி தன் செம்பனைத் தோட்டத்தில் வீடுகள் கட்ட விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பமும் வரைபடங்களும் மன்றத்துக்கு வருகின்றன. 2007 முதல் ஊராட்சி மன்றங்களில் ஒரே இடத்தில் விண்ணப்பம் பெறும் மையங்கள் இயங்குகின்றன. அங்கிருந்து வடிகால் இலாகா, பொதுப்பணி இலாகா, தீயணைப்பு இலாகா முதலிய பல இலாகாக்களுக்குக் கருத்துக் கேட்டு அனுப்பப்படும். அதிகாரி முதலில் வட்டாரத் திட்டத்தை எடுத்துப் பார்ப்பார். அந்த நிலத்துக்கு வீடமைப்பு என்று நிறம் தீட்டியிருக்கிறதா? இல்லையென்றால் கேள்வி அங்கேயே எழும். அடுத்து, சாலை தாங்குமா, பள்ளிக்கு இடம் உண்டா, பத்தில் ஒரு பங்கு நிலம் திடலாக விடப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்.

காப்பார் போன்ற தாழ்ந்த பூமியில் தண்ணீரே முதல் கேள்வி. தோட்டத்து வாய்க்கால்கள் வெறும் பள்ளங்கள் அல்ல. நூறாண்டாக இந்த மண்ணைக் கடலிடமிருந்து காத்து வந்தவை அவை. அவற்றைத் தூர்த்துவிட்டு மேலே கல்லும் சிமெண்டும் பரப்பினால் மழைநீர் போக வழியின்றி வீட்டுக்குள் வரும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான், ஷா ஆலாம் மக்கள் பட்ட பாட்டை நாம் மறக்க முடியாது. அதனால்தான் மழைநீரைத் தேக்கி மெல்ல வெளியேற்றும் குளம் வேண்டும் என்று புதிய வீடமைப்புத் திட்டங்களில் இன்று வற்புறுத்துகிறார்கள்.

பிறகு அதிகாரி தலத்துக்கு நேரில் செல்வார், திரும்பி வந்து அறிக்கை எழுதுவார். முடிவு அவருடையது அன்று. மன்றக் கூட்டம் திட்ட அனுமதியை முடிவு செய்கிறது. நிலத்தின் வகையை மாற்றுவதோ மாநில அரசாங்கத்தின் அதிகாரம். தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என்று மூன்று வகையாகப் பிரிக்கிறது. விவசாய நிலம் கட்டட நிலமாக மாற மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும். ஆனாலும் கூட்டத்தில் அமர்ந்திருப்பவர்கள் எல்லோரும் அந்தத் தோட்டத்துக்குள் நடந்து பார்த்தவர்கள் அல்லர். அறிக்கையில் எழுதப்பட்டதையே அவர்கள் காண்கிறார்கள். செம்பனை மரங்கள் என்று மட்டும் எழுதியிருந்தால் மரங்களை மட்டும் காண்பார்கள். நாற்பது குடும்பங்கள், ஒரு பள்ளி, ஒரு கோயில், ஒரு மயானம் என்று எழுதியிருந்தால் அவற்றையும் கண்டு அவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கெடிஸ் நூறாண்டுக்கு முன் சொன்னது இங்கேதான் பயன்படுகிறது.

இந்தக் கட்டத்தில் நாம் நன்றாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. தோட்டம் நகரமாக மாறும்போது உரிமையாளர் பழைய பட்டாவை அரசாங்கத்திடம் ஒப்படைத்து, புதிய பட்டாக்களைப் பெறும் முறை ஒன்று உண்டு. மலாயில் செரா பாலிக், பெரி மிலிக் செமுலா என்பார்கள். பழைய பட்டா மறைந்து, புதிய வரைபடத்தில் உள்ள துண்டுகள் புதிய நிலங்களாகப் பிறக்கும். பள்ளிக்கென்று ஒரு துண்டு அந்த வரைபடத்தில் இருந்தால் பள்ளிக்கு நிலம் பிறக்கும். மயானத்துக்கு ஒரு துண்டு இருந்தால் அதை அரசாங்க ஒதுக்கீட்டு நிலமாகப் பதிவு செய்யலாம். இல்லையென்றால் ஒன்றும் பிறக்காது. பல தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நெடுங்காலம் இருந்ததற்குக் காரணமும், நிலம் தோட்டத்தின் பெயரில் இருந்ததுதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில் திட்ட அனுமதி கேட்டால், பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு மன்றம் கடிதம் அனுப்ப வேண்டும். 21 நாட்களுக்குள் அவர்கள் மறுப்புக் கூறலாம். ஆனால் அந்தக் கடிதம் நிலத்தின் உரிமையாளருக்குத்தான் போகும். மூன்று தலைமுறையாக லயத்தில் குடியிருந்தாலும் பட்டாவில் பெயர் இல்லாத குடும்பத்துக்குக் கடிதம் வராது. வட்டாரத் திட்டம் தயாரிக்கும்போது நிலைமை வேறு. திட்டத்தின் நகலை மக்கள் பார்வைக்கு வைத்தே ஆக வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எழுத்து மூலம் மறுப்போ கருத்தோ கூறலாம், நேரில் சொல்ல விரும்பினால் விசாரணையில் சொல்லலாம். அங்கே பட்டா கேட்பதில்லை. ஆகவே சொந்த நிலமில்லாத தோட்டக் குடும்பத்துக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் முக்கியமான கதவு அதுதான். விண்ணப்பம் வந்த பிறகு விழிப்பதைவிட, நிறம் தீட்டும்போதே பேசுவது நல்லது.

இதற்குக் கோலாலம்பூரில் ஒரு சான்று உண்டு. அங்கே திட்டமிடலுக்கு 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசச் சட்டம் தனியே இருக்கிறது. புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்து நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, தொழிலாளர் குடும்பங்கள் 1980களில் அருகே இருந்த நீண்ட வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. நிரந்தர வீட்டுக்காக அவர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். பின்னர் அங்கிருந்த தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் உயர்ந்த அடுக்குமாடிகளையும், அவற்றோடு இக்குடும்பங்களுக்கு வீடுகளையும் கட்ட 2017இல் அனுமதி தரப்பட்டது. அந்த நிலம் அமைப்புத் திட்டத்தில் பூங்காவாக உள்ளது என்று சுற்றுவட்டார மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை இரத்து செய்தது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பூங்கா காப்பாற்றப்பட்டது. அது திட்டத்தில் குறிக்கப்பட்டிருந்தது. தோட்டக் குடும்பங்களின் வீடோ மறுபடியும் காத்திருக்க வேண்டியதாயிற்று. பூங்காவும் வேண்டும், அந்தக் குடும்பங்களுக்கு வீடும் வேண்டும். தொடக்கத்திலேயே இரண்டுக்கும் தனித்தனி இடம் குறித்திருந்தால் ஏழைகளின் வீட்டையும் எல்லோருடைய பூங்காவையும் எதிரெதிரே நிறுத்த வேண்டி வந்திருக்காது.

ஆகவே, நேயர்களே, நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வட்டாரத் திட்டத்தின் நகல் மக்கள் பார்வைக்கு வருகிறது என்ற அறிவிப்பைப் பத்திரிகையிலோ மன்ற அறிவிப்புப் பலகையிலோ கண்டால் தோட்டத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள். நான்கு பேர் சேர்ந்து போய் உங்கள் தோட்டம் எங்கே இருக்கிறது, என்ன நிறம் தீட்டியிருக்கிறது என்று கேளுங்கள். அதிகாரி விளக்கிச் சொல்வார். அது அவர் கடமை. பள்ளி, கோயில், மயானம், லயம் எங்கெங்கே உள்ளன என்று ஒரு தாளில் வரைந்து, எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆண்டு என்று எழுதி வையுங்கள். பழைய பள்ளிப் பதிவேடு, திருவிழா நோட்டீஸ், பழைய புகைப்படம் எல்லாம் சான்றாகும். மலாயில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்று எந்த வீட்டில் இல்லை? காலக்கெடுவுக்குள் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல் கூட்டத்தோடு போய்விடும். முத்திரை குத்திய கடிதம் கோப்பில் இருக்கும்.

பெற்றோர்களுக்கு இன்னொரு சொல். நகரமைப்பு என்பது பல்கலைக்கழகங்களில் பயிலக்கூடிய தொழில். கணக்கும் புவியியலும் வரைகலையும் விரும்பும் பிள்ளைக்கு ஏற்றது. மருத்துவரும் வழக்கறிஞரும் வேண்டும்தான். ஆனால் ஒரு தோட்டத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகாமல், ஆயாக் கொட்டகை எங்கே இருந்தது, வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரிந்த ஒருவர் அந்த மேசையில் அமர்வதும் நல்லது.

காப்பாரில் தோட்டங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. காலம் மாறும்போது நிலமும் மாறத்தான் செய்யும். வீடு வேண்டும், தொழிற்சாலை வேண்டும், வேலை வேண்டும். நம் பிள்ளைகளுக்கும் அவை வேண்டும். ஆனால் வாய்க்கால் வெட்டி இந்தப் பூமியை வாழத் தகுந்ததாக்கியவர்களின் வீடும் பள்ளியும் மயானமும் அந்தப் புதிய வரைபடத்தில் பெயரோடு இருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லிலே எழுதி வைத்த முறை அது. இன்று காகிதத்தில் எழுதும்போது நாமும் போய்ப் பார்த்து, நம் பங்கைச் சொல்லி வருவோம்.